அப்பாவின் 'வித்'

லிவர்பூல்,
1888 மார்ச் 4

அன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

உன் தங்கை லெட்டிஸ் எழுதுவது. நானும் இவானும் குழந்தை க்வெனும் நலம். அங்கே உன் நலமும் அப்பாவின் நலமும் அறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டும். எழுதி என்ன பயன்? போன மாதம் நீ போட்ட கடிதம் மொத்தமே அரைப் பக்கம். அதில் பாதி மழை. மீதிப் பாதி மிசஸ் பியூவின் முழங்கால் வலி. லட்லோவில் மழை பெய்யும் என்பதும் நம் வீட்டுச் சமையற்காரிக்கு முழங்கால் வலிக்கும் என்பதும் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

சரி, நான் சண்டைக்கு வரவில்லை. நல்ல செய்தி ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் கப்பல் சாமான் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளையும் இவான் எனக்குக் காலி செய்து கொடுத்துவிட்டார். கயிறும் கப்பல் விளக்குமாக அடைந்து கிடந்த இடம். தார் நாற்றம் போகவேண்டும் என்று கழுவிக் கழுவிப் பார்த்தேன், போவதாக இல்லை. ஆனாலும் நல்ல வெளிச்சம். ஜன்னலில் நின்றால் துறைமுகம் முழுக்கத் தெரிகிறது. அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறோம். கணக்கும் தையலும் நான் பார்த்துக்கொள்வேன். இலக்கணமும் வரலாறும் பிரெஞ்சும் உனக்கு. செப்டம்பர் கடைசியில், மிக்கேல் திருநாளன்று திறப்பு. நீ வந்தே ஆகவேண்டும்.

"உங்க அக்காவ எப்படியாவது வரவெச்சிரு லெட்டி. நீ பிரெஞ்சு சொல்லிக்குடுத்தா அந்தப் புள்ளைங்க பிரான்சுக்குப் போயிப் பட்டினிதான் கெடக்கும்" என்கிறார் இவான். மனிதருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அப்பா என்ன சொல்வார் என்று நீ கேட்பாய். நம் திருச்சபையை விட்டு, இவானை அவர்களுடைய சாப்பலில் கல்யாணம் செய்துகொண்ட நாளோடு அப்பாவுக்கு நான் இல்லாமல் போய்விட்டேன். அவருக்கு அந்த ஆங்கிலப் பேரகராதி மட்டும்தான் உண்டு. "எங்கள் அப்பா அகராதிக்குச் சொல் தொகுக்கிறார், சம்பளம் வாங்காமல், வீட்டிலிருந்தே" என்று நான் இங்கே பெருமையடித்தால், "எத்தன சொல்லு?" என்று கேட்கிறார்கள். "ஒன்று. 'வித்'" என்றால் சிரிக்கிறார்கள். நேற்று க்வென் "பொம்மையோட தூங்குவேன்" என்று அடம் பிடித்தாள். அந்த 'ஓடு'தானே இந்த 'வித்'? மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிந்த சொல்லுக்கு ஆறு வருடமா? அதை முடித்தால்தான் உன்னை அனுப்புவேன் என்று அவர் சொன்னதாக எழுதினாயே, அந்தக் கடிதமே பழுத்துப்போய்விட்டது. உனக்கு முப்பத்து மூன்று வயது, அக்கா. சொல் முடிவதற்குள் நீ முடிந்துவிடுவாய்.

பதில் போடு. மழையைப் பற்றி வேண்டாம்.

உன் பாசமுள்ள,
லெட்டி

*

லட்லோ,
1888 மார்ச் 15

என் செல்ல லெட்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்துப் படித்து மடிப்பு கிழிந்துவிட்டது. இவானுக்கு என் நன்றியைச் சொல். க்வெனுக்கு முத்தம்.

நான் ஏன் அரைப் பக்கம் எழுதுகிறேன் தெரியுமா? எழுதுவதற்கு இடமில்லை. பொய்யில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கச் சீட்டுகள், 'துணை' என்ற பொருளுக்கு. நண்பனோடு நடந்தேன், மனைவியோடு வாழ்ந்தேன், இப்படி. அம்மாவின் பியானோ மேல் 'கருவி'. கத்தியால் வெட்டினேன், கண்ணால் கண்டேன், இதற்கும் 'வித்'தான். நடைக்கூடத்து நாற்காலிகளில் 'மனநிலை'. கோபத்துடன், மகிழ்ச்சியுடன். உன் பழைய கட்டிலில் 'எதிர்'. எதிரியோடு போரிட்டான், விதியோடு மோதினான். நாங்கள் அடுக்களையில் சாப்பிடுகிறோம். மாடிப்படியில் ஒருக்களித்து ஏறுகிறோம். நாடு முழுக்க யாரோ ஒரு பாதிரியார், படுக்கையில் கிடக்கும் யாரோ ஒரு பெண், வேலையற்ற யாரோ ஒரு தளபதி, தாங்கள் படிக்கும் புத்தகத்தில் இந்தச் சொல் வரும் வாக்கியத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அத்தனையும் நம் வீட்டில்தான் வந்து இறங்குகிறது.

ஜன்னல்களைத் திறப்பதில்லை. ஒரு காற்று போதும், ஒரு மாத வேலை பறந்துவிடும். மிசஸ் பியூ தினமும் புலம்புகிறாள்: "மூச்சு முட்டுதும்மா. செத்தவன் வீட்லகூட உசுரு போகட்டும்னு சன்னலத் தொறந்து வெப்பாங்க. இங்க உசுரோட இருக்கிறவளுக்கு அதுகூட இல்ல." எனக்கும் சில மத்தியானங்களில் அப்படித்தான் தோன்றும். காகித வாசனை தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் லெட்டி, சின்னச் சொல்தானே என்று சிரிக்காதே. மிகப் பழைய ஏடுகளைப் பார்த்தால், அந்தக் காலத்தில் இந்த 'வித்' துணையைக் குறிக்கவே இல்லை. எதிரே நிற்பதைத்தான் குறித்தது. துணைக்கு வேறு சொல் இருந்தது, 'மிட்' என்று. பிரசவம் பார்க்கிறவளை 'மிட்வைஃப்' என்கிறோமே, அவளிடம் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூட இருக்கும் பெண் என்று பொருள். மற்ற இடத்திலெல்லாம் செத்துவிட்டது. இன்னும் பின்னால் போனால், 'வித்'தின் வேரே பிரிவைக் குறிப்பது. இந்தியாவின் பழைய சமஸ்கிருதத்தில் வியோகம் என்கிறார்களாம், அதில் வரும் 'வி'யும் இதுவும் ஒரு குடும்பம். பிரிவில் தொடங்கி, எதிர்ப்புக்கு வந்து, கடைசியில் துணையில் வந்து நிற்கிறது. எந்த இடத்தில் திரும்பியது? அதைத்தான் அப்பா தேடுகிறார்.

கோடையில் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். முடிந்ததும் வருகிறேன்.

உன் அன்பு அக்கா,
ஹெஸ்டர்

*

லிவர்பூல்,
1888 ஏப்ரல் 22

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இவானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். மீன் எண்ணெய்க் கப்பலில் வந்த ஐஸ்லாந்துக்காரன் ஒருவன் விளக்குத் திரி வாங்க வந்தவன், பேச்சில் கலந்துகொண்டான்.

"எங்க ஊர்லயும் அந்தச் சொல்லு இருக்கு. 'வித்'துதான். ஆனா பக்கத்துலன்னு அர்த்தம். கடலுக்குப் பக்கத்துல, சுவத்துக்குப் பக்கத்துல."

"பக்கத்துல நிக்கிறவன் கூட்டாளியா, எதிராளியா?" என்று கேட்டார் இவான்.

"அது அவன் கையில என்ன வெச்சிருக்கான்னு பாத்துத்தான் சொல்லணும்" என்றான் அவன். கடையே சிரித்தது. இதை அப்பாவிடம் சொல். என் பெயரைச் சொல்லாமல் சொல்.

பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சுகள் வந்துவிட்டன. பிள்ளைகளும் சேர ஆரம்பித்துவிட்டார்கள். உன் பெயரை விளம்பரப் பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். நீ கோடை என்கிறாய். போன வருடமும் கோடை என்றாய். நேரில் பேசாமல் சரிப்படாது. பெந்தெகொஸ்தே விடுமுறையில் நான் மட்டும் ரயிலேறி வருகிறேன். அப்பா கதவை என் முகத்தில் அறைந்தால் அறையட்டும். மிசஸ் பியூவின் அடுக்களையில் படுத்துக்கொள்கிறேன். வராதே என்று எழுதாதே. எழுதினாலும் வருவேன்.

லெட்டி

*

லட்லோ,
1888 மே 6

என் லெட்டிக்கு,

வராதே என்று எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீ வருவாய். வந்தால் பார்ப்பாய். அதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

நவம்பரில் அப்பா படிப்பறையில் விழுந்துவிட்டார். வாதம். கையும் காலும் கொஞ்சம் தேறிவிட்டன. ஆனால் பேச்சு பழையபடி இல்லை. பேச்சு வருகிறது, சரியான சொல் வருவதில்லை. தேநீரை 'பிஷப்' என்கிறார். மிசஸ் பியூவை 'ஏணி' என்று கூப்பிடுகிறார். அவளும், "ஏணி வந்துட்டேங்கய்யா" என்று போய் நிற்கிறாள். முப்பது வருடம் லத்தீன் சொல்லிக்கொடுத்த மனிதர், லெட்டி. என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. உன் பெயர் மட்டும் எப்படியோ மிஞ்சியிருக்கிறது. "லெட்டி எங்க?" என்று கேட்கிறார். "லிவர்பூலில்" என்றால் தலையாட்டுகிறார். மறுநாளும் கேட்கிறார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் இவானுக்குத் தெரியும், இவானுக்குத் தெரிந்தால் கடைக்குத் தெரியும். அகராதியில் ஒரு விதி இருக்கிறது. தொகுப்பவர் நோயில் விழுந்தாலோ இறந்தாலோ எல்லாச் சீட்டுகளும் உடனே அகராதி ஆசிரியருக்குத் திரும்பவேண்டும். டெவனில் ஒரு பாதிரியார் இறந்தபோது அவர் மருமகள் ஓர் எழுத்துக்கான சீட்டுகளில் பாதியைக் கோழிக்கூண்டில் விரித்துவிட்டாளாம், அன்றிலிருந்து இந்த விதி. நவம்பரிலிருந்து எல்லாவற்றையும் நான்தான் செய்கிறேன். பதினாறு வயதிலிருந்து அவருக்கு நகல் எழுதிக் கொடுத்தவள் நான், என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் ஒன்றுதான். ஆசிரியருக்கு அவர் பெயரில் கடிதம் போடுகிறேன். "அன்புள்ள திரு. கிரெஸ்வெல்" என்று பதில் வருகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சொல் திரும்பிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். சண்டையில்தான். 'அவனோடு சண்டையிட்டேன்' என்று சொல்லிச் சொல்லியே, இரண்டு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்கிறார்கள் என்ற எண்ணம் அதில் ஏறிவிட்டது. பிறகு பேரம், பிறகு பேச்சு, பிறகு நடை. உன் ஐஸ்லாந்துக்காரன் சொன்னதும் உதவியது. அதற்குத் தனி அடுக்கே போட்டிருக்கிறேன். நூற்றாண்டு வாரியாகச் சீட்டுகளை வரிசை வைத்தபோது, என் கண் முன்னாலேயே அது அடியெடுத்து வைத்து நடந்து வந்தது. கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "பிஷப்" என்றார். தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

வா. ஆனால் யாரிடமும் சொல்லாதே.

ஹெஸ்டர்

*

லிவர்பூல்,
1888 மே 27

அக்கா,

திரும்பும்போது ரயிலில் முழுக்க அழுதுகொண்டே வந்தேன். எதிரே இருந்த அம்மாள் எனக்குச் சீரகக் கேக் கொடுத்தாள். தின்றுகொண்டே அழுதேன்.

ஏழு மாதம் என் அப்பாவை என்னிடமிருந்து மறைத்துவிட்டாய். அவர் என் தொப்பியைத் தொட்டுத் தொட்டு, "லெட்டி, லெட்டி" என்றாரே, அதை ஏழு மாதத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்கலாம். உன்னை அதற்காகத் திட்டவேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் உன்னைப் பார்த்ததும் வாய் வரவில்லை. முகம் எப்படி வெளுத்துப்போயிருக்கிறது! அந்த வீட்டில் காற்றே இல்லை, அக்கா. எலி ஓடுவதுபோல் அடுக்குகளுக்கு நடுவே நீ ஓடுகிறாய். அப்பா ஒரு மேசையில் உட்கார்ந்து சீட்டுகளை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை. நல்ல சீட்டுகளைக் கலைத்துவிடுவாரே என்றேன். "அதெல்லாம் கழிச்சுப் போட்டதுதான், வெச்சுக்கட்டும்" என்றாய். நீங்கள் இரண்டு பேரும் அதற்குள் அடைந்து கிடக்கிறீர்கள். அவருக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும்.

இவானிடம் சொல்லிவிட்டேன். கடைக்கு எட்டாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். "அந்தப் பொம்பள செய்யிற வேலைக்கு அவ பேரு எங்க?" என்று கேட்டார். நானும் அதைத்தான் கேட்கிறேன். எங்கே உன் பெயர்? அச்சானால் அப்பா பெயர் முன்னுரையில் ஒரு வரியில் வரும். உனக்கு என்ன?

ஆனாலும் அடுக்களையில் நீ எனக்குக் கொடுத்த வாக்கை நம்புகிறேன். செப்டம்பருக்குள் கடைசிக் கட்டுச் சீட்டுகளையும் அனுப்பிவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவாய். கீழே பின்னறையை அவருக்கு ஒழித்து வைக்கிறேன். க்வென் அவருக்கு எல்லாச் சொல்லையும் மறுபடி கற்றுக்கொடுத்துவிடுவாள்.

லெட்டி

*

லட்லோ,
1888 ஜூலை 29

அன்பு லெட்டிக்கு,

கோபப்படாமல் படி.

போன வாரம் வெக்கை தாங்காமல் மிசஸ் பியூ மாடி ஜன்னலைத் திறந்துவிட்டாள். நான் அஞ்சலகத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போதே தோட்டத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பூ என்று நினைத்தேன். உன் கட்டில் மேல் இருந்த 'எதிர்' முழுக்க அவரைப் பந்தலில். "ஒரே ஒரு சாண் தொறந்தேம்மா. ஒரு சாணுக்கு இவ்ளோ காத்து வரும்னு எனக்கு என்ன தெரியும்?" என்று அழுகிறாள். அப்பா தோட்டத்தில் நடந்து நடந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அன்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஈரமான சீட்டுகளை அடுப்பங்கரையில் உலர்த்தி, மங்கியவற்றை மறுபடி எழுதி, இன்னும் பாதிகூட ஒழுங்காகவில்லை. மிக்கேல் திருநாளுக்கு முடியாது. கிறிஸ்துமஸுக்கு முடியும்.

இன்னொன்று. 'துணை', 'கருவி' இரண்டு அடுக்குகளையும் முன்பே ஆசிரியருக்கு அனுப்பியிருந்தேன். ஆசிரியரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. இதுவரை தன் கைக்கு வந்த அடுக்குகளில் இவ்வளவு தெளிவானதைத் தான் கண்டதில்லையாம், சொல்லின் நடையைக் கண்ணாரக் கண்டதுபோல் இருக்கிறதாம். நான் உனக்கு எழுதியதுபோலவே எழுதியிருந்தார்! அப்பாவுக்கு அதை உரக்க வாசித்துக் காட்டினேன். அவர் அதையும் வாங்கித் தன் சீட்டுகளோடு சேர்த்து வைத்துவிட்டார்.

அதே கடிதத்தில், 'வித்'தை ஒட்டி வரும் சொற்களையும் திரு. கிரெஸ்வெல் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார். 'வித்டிரா', 'வித்ஹோல்ட்', 'வித்தின்', 'வித்தவுட்', எல்லாம். அவற்றின் சீட்டுகள் அடங்கிய பெட்டி தயாராக இருக்கிறதாம். சரி என்று எழுதிவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். வேறு யாரிடம் போனாலும் கெடுத்துவிடுவார்கள், லெட்டி. அதைவிட உண்மையான காரணம், காலையில் எழுந்ததும் எனக்கு அந்த மேசைக்குப் போகவேண்டும் போல இருக்கிறது. மூச்சு முட்டுகிறது, ஆமாம். வீட்டை விட்டு ஓடவேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வேறு யாரையாவது கிறிஸ்துமஸ்வரை வைத்துக்கொள்ள முடியாதா?

உன் ஹெஸ்டர்

*

லிவர்பூல்,
1888 ஆகஸ்ட் 12

அக்கா,

சரி என்று எழுதிவிட்டாயா!

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்னும் ஆறு வருடம். பிறகு இன்னொரு பெட்டி. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் நீ அந்த வீட்டில், ஜன்னலை மூடிக்கொண்டு, அப்பாவின் கையெழுத்தில். எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு காரியம் செய்துவிட்டேன். கேட்டால் விடமாட்டாய் என்பதால் கேட்கவில்லை. ஆசிரியருக்கு நானே எழுதிவிட்டேன். கெட்டதாக ஒன்றும் எழுதவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நவம்பரிலிருந்து எல்லாம் செய்தவள் என் அக்கா மிஸ் ஹெஸ்டர் கிரெஸ்வெல், நீங்கள் புகழ்ந்தது அவளைத்தான், அவளுக்கு உரிய பெயரைக் கொடுங்கள், புதுப் பெட்டி மட்டும் அனுப்பாதீர்கள், அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று எழுதினேன். "நல்லா இருக்கு. படிச்சா கல்லும் கரையும்" என்றார் இவான். அந்த விதி எனக்கும் நினைவிருக்கிறது, ஆனால் அவ்வளவு புகழ்ந்த பிறகு அதை நீட்டமாட்டார்கள். உன்னை அவர்கள் பாராட்டத்தான் போகிறார்கள். பார்த்துக்கொள். பெயரும் கிடைக்கும், விடுதலையும் கிடைக்கும்.

என்னைத் திட்டு. திட்டி முடித்துவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து சேர். பின்னறைக்குத் திரை தைத்துவிட்டேன்.

உன் தங்கை,
லெட்டி

*

லட்லோ,
1888 செப்டம்பர் 16

லெட்டிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆசிரியர் பதில் போட்டார். எனக்கல்ல, அப்பாவுக்கு. அவர் குணமடையப் பிரார்த்திப்பதாகவும், தந்தையின் காகிதங்களைத் தூசி படாமல் காத்துவந்த மகளின் கடமையுணர்வு போற்றத்தக்கது என்றும் எழுதியிருந்தார். அடுத்த வாரம் அவருடைய உதவியாளர் ஒருவர் வண்டியோடு வந்தார். இளைஞர், மரியாதையானவர், தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"வேலை ரொம்பச் சுத்தமா இருக்குங்க மிஸ் கிரெஸ்வெல். ஆனா யாரு செஞ்சதுன்னு ஒண்ணு இருக்குல்லீங்களா?"

"நான்தான் செஞ்சேன்."

"அதாங்க" என்றார்.

பாத் நகரில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவருக்கு எல்லாம் போகிறதாம். நான் அடுக்கு அடுக்காகக் கட்டிப் பெயர் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். "சிரமப்படாதீங்க. எப்படியும் அவரு முதல்ல இருந்துதான் பிரிக்கப் போறாரு" என்றார். வண்டிக்காரன் 'எதிர்', 'மனநிலை' இரண்டையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டான். நான் சண்டைக்கென்று தனியே வைத்திருந்த அடுக்கு எந்தக் கூடையில் போனது என்றுகூடத் தெரியவில்லை. முன்பு அனுப்பியவையும் கர்னலிடமே போகின்றன. அவற்றையும் கலைத்துவிடுவார்கள். மிசஸ் பியூ மட்டும், "மெதுவாடா, பாவி" என்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்பா வைத்திருந்த கழித்த சீட்டுகளையும் விடவில்லை. விதியாம். அவர் வண்டிக்காரனின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

அன்றிலிருந்து அவர் உட்காருவதில்லை. மெத்தையைத் தூக்கிப் பார்க்கிறார், அலமாரியைத் திறந்து பார்க்கிறார், என் பாவாடைப் பையில் கைவிட்டுப் பார்க்கிறார். கடைத்தெருவில் காகிதம் வாங்கி அளவாக வெட்டிக் கொடுத்தேன். வெற்றுக் காகிதம் என்று தள்ளிவிட்டார். உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். ஒன்றிரண்டைப் பார்த்தார், பிறகு எல்லாவற்றையும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. எல்லாம் ஒரே கையெழுத்து. அவருக்கு வந்ததெல்லாம் ஆயிரம் பேருடைய கை, சாய்ந்த எழுத்து, நடுங்கும் எழுத்து, பச்சை மை, பென்சில். சொல் எல்லாம் போன பிறகும் அது அவருக்குத் தெரிகிறது.

நீ சொன்னபடி அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன், தெரியுமா? மிசஸ் பியூவும் வந்தாள். நிலையத்தில் ரயிலைப் பார்த்ததும் அப்பா அலறினார். ஊரே திரும்பிப் பார்த்தது. நிலைய அதிகாரி, "பெரியவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா" என்றார். அதனால் நாங்கள் வரப்போவதில்லை. மிக்கேல் திருநாளுக்கும் இல்லை, கிறிஸ்துமஸுக்கும் இல்லை. விளம்பரப் பலகையில் என் பெயரை அழித்துவிடு.

நீ நல்லதை நினைத்துத்தான் செய்தாய். என்னை வெளியே இழுக்கப் பார்த்தாய். ஆனால் லெட்டி, அடைபட்டிருந்த இடத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அடைப்பு அப்படியே இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்று மட்டும்தான் உன்னிடம் கேட்டேன். வேறு எதையும் நான் உன்னிடம் கேட்டதில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். உன் பள்ளிக்கூடம் திறந்ததும், பிள்ளைகளிடம் அரைத்தாளில் ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொல். எந்தப் புத்தகத்திலிருந்தும் எழுதலாம், எந்தச் சொல்லாகவும் இருக்கலாம். அழகாக எழுதவேண்டாம். கடைக்கு வருகிற மாலுமிகளையும் எழுதச் சொல். இவானும் எழுதட்டும், க்வென் கிறுக்கினாலும் சரி. எவ்வளவு முடியுமோ அவ்வளவு, வாரா வாரம் தபாலில் அனுப்பு.

தபாலில்தான் அனுப்பவேண்டும். நீ கொண்டுவராதே. நீ வந்து வாசலில் நின்றால், உன் முகத்தைப் பார்த்த உடனே நான் உன்னை மன்னித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். இந்த ஒரு முறை எனக்கு அது வேண்டாம். கொஞ்ச நாளாவது உன்மேல் கோபமாக இருக்க விடு. என்னுடையது என்று இப்போது என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

ஹெஸ்டர்